பட்டம் என்னும் விதைப்பருவம்

நுழையுமுன்

பள்ளிக்கு ஆண்டுவிழா இருப்பதுபோலப் பல்கலைக்கழகத்திற்கும் ஒரு பெருவிழா உண்டு. அதுவே பட்டமளிப்பு விழா. கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் நீண்ட மேலங்கி அணிந்து மேடையேறுவதை நாளிதழ்ப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதுவரை எவரும் அந்த மேடையில் ஏறியதில்லை. முதலில் ஏறப்போகும் பிள்ளை நீங்களாக இருக்கலாம். அந்தப் பட்டத்தை யார் வழங்குகிறார்கள்? அது யாருடைய உழைப்பால் கிடைக்கிறது? பெற்றபின் ஆற்ற வேண்டிய கடமை யாது? இப்பாடத்தில் இவற்றை அறிந்துகொள்வோம்.

ஒரு சொல், பல பொருள்

'பட்டம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உள்ளன. நூல் கட்டி வானில் பறக்கவிடும் காற்றாடியும் பட்டமே. கோயில் யானையின் நெற்றியில் ஒளிரும் அணியை நெற்றிப்பட்டம் என்கிறோம். இளவரசரை அரசராக்கும் சடங்கு பட்டம் சூட்டுதல் எனப்படுகிறது. சிறந்த வணிகருக்கு 'எட்டி' என்றும், படைத்தலைவருக்கு 'ஏனாதி' என்றும், அமைச்சருக்குக் 'காவிதி' என்றும் பண்டைத் தமிழ் வேந்தர் சிறப்புப் பெயர் வழங்கினர். அவையும் பட்டங்களே. இன்று பல்கலைக்கழகம் வழங்கும் தகுதிச் சான்றையும் அதே சொல்லால் குறிக்கிறோம்.

உழவர்களிடம் இச்சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. விதைப்பதற்கு ஏற்ற பருவத்தை அவர்கள் பட்டம் என்பர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. ஆடி மாதத்தில் ஈரமான மண்ணில் விதைத்தால்தான் தையில் களம் நிறையும். பட்டம் தவறினால் நல்ல விதையும் பயன் தராது.

பல்கலைக்கழகப் பட்டத்தைப் பலர் அறுவடை என்று எண்ணுகின்றனர். பதினைந்து பதினாறு ஆண்டுகள் படித்தோம், இதோ பலன் கிடைத்துவிட்டது என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் பட்டம் பெற்றபின் நெடுங்காலம் உழைத்துப் பிறருக்குப் பயன்பட்டவர்களின் வாழ்வை நோக்கினால், உழவர் கொண்ட பொருளே இங்கும் பொருந்துவது புலப்படும்.

விழா நடைபெறும் முறை

பட்டமளிப்பு விழா தொன்றுதொட்டு வரும் ஒழுங்குடன் நடைபெறுவது. பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் வேந்தர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அம்மாநில ஆளுநரே வேந்தராக இருப்பார். அன்றாட நிருவாகத்தை நடத்துபவர் துணைவேந்தர். ஆவணங்களையும் அலுவலகத்தையும் பதிவாளர் கவனிக்கிறார்.

விழா நாளில் இவர்களும் பேராசிரியர்களும் அரங்கினுள் வரிசையாக ஊர்வலம் வருவர். அவையோர் எழுந்து நிற்பர். வேந்தர் விழாவைத் தொடங்கிவைப்பார். ஒவ்வொரு துறையிலும் தேறியோரை அத்துறையின் தலைவர் அவைக்கு அறிமுகம் செய்வார். அதன்பின் வேந்தர் அவர்களுக்குப் பட்டம் வழங்குவார். இளங்கலை, முதுகலை, முனைவர் எனப் பட்டங்கள் படிநிலை கொண்டவை. தேர்வில் முதன்மை பெற்றோருக்குத் தங்கப்பதக்கங்கள் உண்டு. மறைந்த ஆசிரியர், பெற்றோர் முதலியோரின் நினைவாக அன்பர்கள் நிறுவிய அறக்கட்டளைகளின் வட்டித்தொகையிலிருந்து பல பதக்கங்களும் பரிசுகளும் வழங்கப்படுகின்றன. பட்டம் பெற்றோர் தம் அறிவை நேர்மையாகப் பயன்படுத்துவோம் என்று உறுதிமொழி ஏற்பதும் பல இடங்களில் வழக்கம்.

மேலங்கியும் தொப்பியும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை. குளிர்நாட்டுக்கு ஏற்ற கனமான துணி நம் வெயிலுக்குப் பொருந்தாது. 2015-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, விழா ஆடைகளைக் கைத்தறித் துணியில் அமைத்துக்கொள்ளுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பட்டம் பெறுபவரின் தோளில் ஒரு நெசவாளரின் உழைப்பும் அமர்வதற்கு அது வழிவகுத்தது.

பொதுப் பல்கலைக்கழகம் யாருடையது?

மக்களின் வரிப்பணத்தில் அரசு நிறுவிப் பேணும் பல்கலைக்கழகம் பொதுப் பல்கலைக்கழகம் ஆகும். அங்கு மாணவர் செலுத்தும் கட்டணம் மட்டும் கல்விச் செலவுக்குப் போதாது. ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியர் ஊதியம் ஆகியவற்றிற்கு அரசின் மானியம் தேவைப்படுகிறது. அந்த மானியம் வரியிலிருந்து வருகிறது.

வரி என்றதும் பெரிய நிறுவனங்களும் செல்வர்களும் மட்டுமே நினைவுக்கு வருவதுண்டு. கடையில் ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போதும் அதன் விலையில் ஒரு பகுதி வரியாக அரசுக்குச் செல்கிறது. அதில் ஒரு பங்கு நடுவண் அரசையும் மறுபங்கு நாம் வாழும் மாநில அரசையும் சேர்கிறது. கட்டடத்தில் சாரம் கட்டும் தொழிலாளியும், தொழிற்சாலையில் இரவுப்பணி செய்யும் பெண்ணும், கணினி நிறுவனத்தின் பொறியாளரும், அங்குக் காவல் காப்பவரும் இவ்வாறு வரி செலுத்துகின்றனர். தாய்மொழி எதுவென்று வரி கேட்பதில்லை.

ஆகவே கர்நாடகத்தின் பொதுப் பல்கலைக்கழகம் அயலாருடையது என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அதில் உங்கள் பெற்றோரின் பங்கும் உண்டு. அதே வேளையில் அங்குப் படிப்பவர், முகமறியாத பல்லாயிரம் பேருக்குக் கடன்பட்டவர் ஆகிறார். கன்னடம் பேசுவோர், தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், உருது பேசுவோர் அனைவரும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களே. பங்கும் கடனும் இணைந்தே வருகின்றன.

ஒரு கல்லூரி, நான்கு பல்கலைக்கழகங்கள்

நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டியும் பொது முயற்சியில் தோன்றியதே. கர்நாடக அரசின் நிறுவனமான கியோனிக்ஸ், 1978-இல் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் இத்தொழில் நகரை அமைத்தது. 2025 ஆகஸ்டு 10 அன்று இங்கு மெட்ரோ இரயில் வந்தது. இனி அந்த இரயிலில் ஏறி நகரின் நடுவே உள்ள ஒரு பழைய கல்லூரிக்குச் செல்வோம்.

மஞ்சள் வழித்தடத்தில் ஆர்.வி. சாலை நிலையம் வரை சென்று, பச்சை வழித்தடத்திற்கு மாறினால் மெஜஸ்டிக் வரும். அங்கிருந்து ஊதா வழித்தடத்தில் விதான சௌதா செல்லும் திசையில் அடுத்த நிலையத்திலேயே இறங்கலாம். அந்நிலையத்தின் பெயர் சர் எம். விசுவேசுவரையா நிலையம், சென்ட்ரல் கல்லூரி. ஒரு மாணவரின் பெயரும் அவர் படித்த கல்லூரியின் பெயரும் அங்கு ஒரே பலகையில் இடம்பெற்றுள்ளன.

சென்ட்ரல் கல்லூரி 1858-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது. 1875-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அக்காலத்தில் மைசூர் நாட்டில் பல்கலைக்கழகம் இல்லை. பெங்களூரில் படித்தாலும், 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமே தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது.

1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சென்ட்ரல் கல்லூரி அதன் உறுப்பாயிற்று. 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தபோது கல்லூரி அதனுடன் இணைந்தது. பின்னர் அப்பல்கலைக்கழகத்திற்கு நகரின் மேற்கே ஞானபாரதியில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகம் கிடைத்தது. நகரம் விரிந்து, கல்லூரிகளும் மாணவர்களும் பெருகியதால் 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் நகரின் மையப்பகுதிக்கு உரிய பல்கலைக்கழகம் சென்ட்ரல் கல்லூரி வளாகத்திலேயே அமைந்தது. 2025 மார்ச்சு மாதம் கர்நாடக அரசு தன் நிதிநிலை அறிக்கையில், அப்பல்கலைக்கழகத்திற்கு முன்னாள் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தது. அவரும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையே. நாட்டுப் பிரிவினையின்போது, இன்று பாகிசுத்தானில் உள்ள தம் ஊரைவிட்டு அவர் குடும்பம் இந்தியாவிற்கு வந்தது. பொதுப் பல்கலைக்கழகமான பஞ்சாப்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்றார்.

சென்னை, மைசூர், பெங்களூர், நகர மையம் என நான்கு பல்கலைக்கழகங்களின் கீழ் ஒரே கல்லூரி இயங்கிவந்துள்ளது. பல்கலைக்கழகங்கள் மாறினும், பாடம் கேட்டுத் தேறிய மாணவர்கள் நாட்டுக்கு உழைக்கும் மரபு தொடர்ந்தது. அவர்களுள் மூவரைக் காண்போம்.

விசுவேசுவரையா

மோட்சகுண்டம் விசுவேசுவரையா 1861-இல் சிக்கபள்ளாப்பூருக்கு அருகில் உள்ள முத்தேனஹள்ளியில் பிறந்தார். மோட்சகுண்டம் என்பது இன்றைய ஆந்திரப் பகுதியில் அவர் முன்னோர் வாழ்ந்த ஊர். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருவாயில் சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். 1881-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர்ப் புனேயில் பொறியியல் பயின்றார்.

1912-இல் அவர் மைசூர் நாட்டின் திவான் ஆனார். அவர் திவானாக இருந்த காலத்தில்தான் 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தாம் பட்டம் பெறுவதற்கு வேறொரு மாகாணத்தின் பல்கலைக்கழகத்தை நம்பியிருந்த மாணவர், அடுத்த தலைமுறை தன் மண்ணிலேயே பட்டம் பெற வழிசெய்தார். அவர் பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐப் பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இராசாசி

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் தமிழ்நாட்டு எல்லையை அடுத்து ஓசூர் வரும். அதன் அருகில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-இல் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். நாம் அவரை இராசாசி என்கிறோம். ஓசூரில் தொடக்கக் கல்வி கற்று, பெங்களூருக்கு வந்து, 1894-இல் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே இன்று எத்தனையோ தமிழ் மாணவர்கள் நாள்தோறும் செல்லும் பாதையில் அவரும் ஒருநாள் கல்வி தேடிச் சென்றார்.

பின்னாளில் அவர் விடுதலைப் போரில் ஈடுபட்டார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியத் தலைமை ஆளுநராகவும் விளங்கினார். இப்பெரும் பதவிகளைப் பலரும் அறிவர். அவர் செய்த மற்றொரு பணியைச் சிலரே அறிவர். அவர் ஆங்கிலவழியில் கல்லூரிக் கல்வி கற்றவர். ஆயினும் வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் முதலிய துறைகளுக்குத் தமிழில் கலைச்சொற்கள் வேண்டுமென்று கருதி, 1916-இல் சேலத்தில் அதற்கென ஒரு சங்கம் நிறுவினார். தாம் கற்றது தம் மொழி பேசுவோருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்று நீங்கள் அறிவியலைத் தமிழில் எழுத முயலும்போது, அவரைப் போன்றோர் தொடங்கிய பணியையே தொடர்கிறீர்கள்.

இராசேசுவரி சாட்டர்ஜி

மூன்றாமவர் ஒரு பெண். 1922-இல் பிறந்த இராசேசுவரி, சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் பயின்றார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இளம் அறிவியல், முதுநிலை அறிவியல் ஆகிய இரு தேர்வுகளிலும் முதலிடம் பெற்றார். அவர் பெற்ற பரிசுகளுள் ஒன்று எம்.டி. நாராயண ஐயங்கார் பெயரால் வழங்கப்பட்டது.

அந்த நாராயண ஐயங்கார் சென்ட்ரல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். இந்தியக் கணிதக் கழக இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனின் முதல் ஆய்வுக்கட்டுரை 1911-இல் அவ்விதழில்தான் வெளிவந்தது. அப்போது இராமானுசனிடம் எந்தப் பட்டமும் இல்லை. கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அவர் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. பட்டம் இல்லாத இளைஞரின் அறிவையும் மதித்து இடம் தருவது கற்றோர் கடமை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இராசேசுவரி 1943-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அரசின் உதவித்தொகை பெற்று 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பெண்கள் தனியே கடல்கடந்து படிக்கச் செல்வது அரிதாக இருந்த காலம் அது. 1953-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்திலேயே ஆசிரியர் ஆனார். நுண்ணலைப் பொறியியலைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தார். கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளர் என்று போற்றப்படுகிறார். மக்கள் பணத்தில் பெற்ற உதவித்தொகையை, மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்துத் திருப்பிச் செலுத்தினார்.

தெரிந்து தெளிவோம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத் தேர்வில் தேறியோர் இருவர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை ஆகிய அவ்விருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்கடந்து சென்னைக்கு வந்தவர்கள். தாமோதரம் பிள்ளை பட்டம் பெற்றபின் அரசுப்பணி புரிந்தார். அதனுடன் நில்லாமல், செல்லரித்துக்கொண்டிருந்த ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். தொல்காப்பியப் பகுதிகளை உரையுடன் அச்சிட்டார். 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். இடம்பெயர்ந்து வந்த ஒருவர் பெற்ற பட்டம், நம் பழம்பெரும் நூல்கள் அழியாமல் காக்கத் துணைநின்றது.

அண்மைக்காலச் சாதனை

இம்மரபு பழங்கதையாகிவிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் ஓர் உழவரின் மகனாகப் பிறந்தவர் கை. சிவன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றார். அவர் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பிள்ளை அவரே. நாகர்கோவிலில் கணிதமும், சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியலும் படித்தார். பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகத்தில் 1982-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 2018-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார்.

அவர் தலைமையில் 2019-இல் சந்திரயான்-2 ஏவப்பட்டது. அதன் சுற்றுக்கலம் நிலவைச் சுற்றிவந்தது. ஆனால் தரையிறங்கும் கலம் இறுதி நேரத்தில் தொடர்பை இழந்தது. பிழை ஆராயப்பட்டது. முயற்சி கைவிடப்படவில்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் மெதுவாகத் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பெங்களூரில் பணிபுரிந்தே அத்திட்டத்தை நடத்தினார். அன்றைய வெற்றியில் பல மொழி பேசும் அறிவியலாளர் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு கலந்திருந்தது. அவர்களுள் பொதுக் கல்விநிலையங்களில் பட்டம் பெற்றோர் பலர்.

உங்கள் முறை

பட்டமளிப்பு விழா முடிந்ததும் அரங்கின் வெளியே குடும்பங்கள் கூடி நிற்கும். மகளின் மேலங்கியை எழுதப் படிக்கத் தெரியாத தாய் அணிந்து பார்ப்பார். தந்தை தொப்பியை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். அதில் வேடிக்கை ஏதுமில்லை. அந்த உடையில் அவர்களுக்கும் உரிமை உண்டு. தாம் இழந்த கல்வியைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்காக ஊர்விட்டு வந்து உழைத்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டில் 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்னும் சொற்றொடர் அரசு ஆவணங்களிலும் இடம்பெற்றுள்ளது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்கு உதவுவதற்காக அங்குச் சான்றிதழே வழங்குகின்றனர். முதலில் செல்பவருக்கு வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை. விண்ணப்பம் நிரப்புவதும், பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதும், உதவித்தொகை தேடுவதும் அவருக்குக் கடினம். ஆதலால் முதலில் நடந்தவர் பின்வருவோருக்கு வழி சொல்ல வேண்டும். தம்பிக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் பட்டம் பெற்றவரின் முதல் விதைப்புகளுள் ஒன்றே.

ஆடியில் விதைக்கும் உழவர் விதைநெல்லை உண்டு தீர்ப்பதில்லை. அடுத்த விளைச்சலுக்காக அதைக் காத்து வைக்கிறார். கற்ற கல்வியும் அத்தகையதே. நம் தேவைக்குப் பயன்படுத்திய பின்னும் பிறருக்கு விதைப்பதற்கு அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பட்டம் பெறும் நாளில் அந்தப் பங்கை நினைவிற்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

வேந்தர் – அரசர். இங்குப் பல்கலைக்கழகத் தலைவர்
அறக்கட்டளை – நற்பணிக்கென ஒதுக்கிய நிதி
மானியம் – அரசு தரும் உதவித்தொகை
திவான் – மன்னராட்சியில் முதன்மை அமைச்சர்
சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டும் மூங்கில் அல்லது இரும்புத் தாங்கி
களம் – நெல் அடிக்கும் இடம்
செல்லரித்தல் – கரையான் அரித்து அழிதல்
நுண்ணலை – மிகக் குறைந்த அலைநீளமுடைய வானலை

பயிற்சிகள்

அ. பொருத்துக.

1. சென்னைப் பல்கலைக்கழகம் – 1964
2. மைசூர்ப் பல்கலைக்கழகம் – 1978
3. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் – 1857
4. எலெக்ட்ரானிக் சிட்டி – 1916

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. சிறந்த படைத்தலைவருக்குப் பண்டைத் தமிழ் வேந்தர் ________ என்னும் பட்டம் வழங்கினர்.
2. பொறியாளர் நாள் ________ அன்று கொண்டாடப்படுகிறது.
3. இராசாசி பிறந்த ஊர் ________.
4. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை ________-ஆம் ஆண்டில் பதிப்பித்தார்.

இ. பிரித்து எழுதுக.

1. பட்டமளிப்பு = ________ + ________
2. விதைப்பருவம் = ________ + ________
3. தங்கப்பதக்கம் = ________ + ________
4. ஓலைச்சுவடி = ________ + ________

ஈ. 'பட்டம்' என்னும் சொல் கீழ்க்காணும் தொடர்களில் என்ன பொருளில் வந்துள்ளது என எழுதுக.

1. மாடியில் சிறுவர்கள் பட்டம் விட்டனர்.
2. பட்டம் தவறி விதைத்ததால் விளைச்சல் குறைந்தது.
3. யானையின் பட்டம் வெயிலில் ஒளிர்ந்தது.
4. அக்காள் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றாள்.

உ. குறுவினாக்கள்

1. பொதுப் பல்கலைக்கழகம் என்றால் என்ன?
2. சென்ட்ரல் கல்லூரியில் பயின்றும் விசுவேசுவரையா சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறக் காரணம் யாது?
3. இராசாசி 1916-இல் நிறுவிய சங்கத்தின் நோக்கம் என்ன?

ஊ. சிறுவினாக்கள்

1. 'பங்கும் கடனும் இணைந்தே வருகின்றன' – இத்தொடரை விளக்குக.
2. இராமானுசனின் முதல் கட்டுரை வெளிவந்த நிகழ்ச்சி கற்றோருக்கு உணர்த்துவது யாது?
3. இராசேசுவரி சாட்டர்ஜி தாம் பெற்ற உதவித்தொகைக்கு எவ்வாறு நன்றி செலுத்தினார்?

எ. சிந்தித்து எழுதுக.

பட்டம் பெற்றவர் நல்ல ஊதியம் பெற்றுக் குடும்பத்தைக் காப்பதே போதும் என்கிறார் உங்கள் நண்பர். அவர் கருத்தில் நீங்கள் ஏற்கும் பகுதி எது? மறுக்கும் பகுதி எது? பாடத்தில் வரும் இருவரைச் சான்றாகக் காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.

ஏ. கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், எந்த ஊரில் படித்தார், எந்த வகுப்புடன் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதைப் பாட்டி, தாத்தா, பெற்றோர் ஆகியோரிடம் தமிழில் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. அவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்களையும் வழக்குச் சொற்களையும் மாற்றாமல் குறித்துக்கொள்க.
2. உங்கள் பகுதியில் பட்டப்படிப்பு முடித்த ஒருவரைச் சந்தித்து, கல்லூரியில் சேர அவர் பட்ட சிரமங்களையும் அவருக்கு உதவியவர்களையும் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.
3. நீங்கள் பட்டம் பெறும் நாளில் உங்கள் பெற்றோருக்கு எழுத விரும்பும் கடிதத்தை இப்போதே எழுதிப் பத்திரப்படுத்துக.